கடலோர எஃகுக்கு ஒரு பூச்சு

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், மெரிபேங்கில் இரும்புக் கேட் செய்து விற்கும் என் மாமாவுக்கு ஒரே பூச்சில் எல்லாம் வேண்டும். "துருவும் ஏறக் கூடாது, அழுக்கும் ஒட்டக் கூடாது, கீறல் விழுந்தால் தானே ஆற வேண்டும். நீதான் படித்திருக்கிறாயே, தம்பி!" என்பார். டர்பனின் உப்புக்காற்று அவர் தொழிலைப் படுத்தும் பாட்டைப் பார்த்தால் அது நியாயமான ஆசைதான். எபாக்சி என்னும், கெட்டியாகி எஃகோடு ஒட்டிக்கொள்ளும் பிசினில், நானோ துகள்கள் என்னும் மிக நுண்ணிய துகள்களைக் கலக்கும் என் ஆய்வும் அதை நோக்கியதே.

ஆனால் ஒரு குணத்தைச் சேர்த்தால் இன்னொன்று அடி வாங்குகிறது. கிராஃபீன் என்னும் மெல்லிய கார்பன் தகடுகள் பூச்சுக்குள் படுத்திருந்தால், நீரும் உப்பில் உள்ள குளோரைடும் அவற்றைச் சுற்றி வளைந்துதான் எஃகை அடைய முடியும். அதே கிராஃபீன் மின்சாரத்தைக் கடத்தும். எஃகுவரை கீறல் விழுந்தால் அந்த இடத்தில் அரிப்பு முன்னைவிட வேகமெடுக்கலாம். வெயிலில் அழுக்கைச் சிதைக்கும் டைட்டானியம் டை ஆக்சைடு, தன்னைத் தாங்கும் பிசினையும் சிதைக்கிறது. தாமரை இலைபோல் நீரை உருட்டிவிடும் பரப்புக்கு நுண்ணிய கரடுமுரடு தேவை; மணற்காற்று உரசினால் அது தேய்ந்துபோகும். இதனால் கேட்டுக்கான பூச்சில் நீர் விலக்கும் குணத்தை நான் விட்டுவிட்டேன்.

என் மனம் ஒன்றியது ஹாலோய்சைட்டில்தான். இயற்கையில் கிடைக்கும் களிமண் குழாய் அது. உள்விட்டம் ஏறக்குறைய 15 நானோமீட்டர். அதற்குள் அரிப்புத் தடுப்பானை நிரப்பிப் பிசினில் கலந்துவிட்டால், கீறல் விழும் இடத்தில் மருந்து கசிந்து எஃகைக் காக்கிறது. மின்சாரத்தைக் கடத்தாது என்பது கூடுதல் நிம்மதி. பாடுபடுத்துவது கலக்கும் வேலைதான். துகள்கள் ஒன்றையொன்று ஈர்த்துத் திரண்டுகொள்கின்றன. திரண்ட இடம் நீருக்கு வழியாகிவிடும். துகளைப் பிசினோடு பிணைக்கும் சிலேன் என்ற வேதிப்பொருளைப் பூசி, மீயொலியால் கலைத்து, பிசின் கெட்டியாவதற்குள் முடிக்க வேண்டும். கட்டுரைகளில் ஒரே வரியில் கடந்துபோகும் இந்த வேலைதான் பூச்சின் தலையெழுத்தைத் தீர்மானிக்கிறது.

சோதனையிலும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. பூச்சு துருவைத் தாங்குமா என்று பார்க்கும் உப்புத்தூவல் பெட்டியில் 35 டிகிரி வெப்பத்தில் 5 சதவீத உப்புநீர் ஓயாமல் தூவப்படுகிறது. அங்கே வெயில் இல்லை. நனைந்து காயும் சுழற்சியும் இல்லை. எங்கள் கடற்கரையில் இரண்டும் உண்டு. வெயிலில் எபாக்சி சுண்ணாம்பாய் உதிரும் என்பதால் மேலே பாலியூரித்தேன் ஓர் அடுக்கு போடுகிறேன். பூச்சு பூசிய எஃகுத் தகடுகளைக் கடலைப் பார்த்த சட்டத்தில் மாட்டி வைக்கிறேன்.

அந்தச் சோதனையின் முடிவு தெரியும்வரை மாமாவுக்கு நான் சொல்லியிருப்பது இதுதான்: கேட்டுக்குச் சூடான துத்தநாக முலாம் போடுங்கள். பெயிண்ட் அடிப்பதற்கு முன் நல்ல தண்ணீரால் கழுவிக் காய விடுங்கள். அடியில் உப்பு தங்கினால் அது பூச்சு வழியாகவே ஈரத்தை இழுத்துக் கொப்புளம் கிளப்பும். எந்த நானோ துகளும் அதைத் தடுக்காது.