எழுபது எழுத்துக்குள்ள ஒரு எச்சரிக்கை

அண்டைக்கு கெம்பஸ்ல இருந்து அனுப்பின எமர்ஜென்சி மெசேஜ் என்ட போனுக்கு வர முன்னமே பதுளைப் பக்கம் ஒரு தோட்டத்துல வேலை செய்ற ஒரு அப்பாட போனுக்குப் போயிட்டுது. அவருக்கு இங்கிலிஷ் வாசிக்க வராது. லயத்துக்குக் கீழ இருக்கிற கடைக்காரர்ட்ட போனைக் காட்டியிருக்கார், கடைக்காரர் எழுத்துக்கூட்டி வாசிச்சு ‘டேஞ்சர்’ எண்ட ஒரு சொல்லை மட்டும்தான் பிடிச்சிருக்கார், மிச்சம் அவருக்கும் விளங்கல. அந்த அப்பா உடன மகளுக்கு கோல் எடுக்கத் தொடங்கினவர். மகள் லைப்ரரில, போன் சைலண்ட்ல. கொஞ்ச நேரத்துக்குப் பிறகு அந்த தங்கச்சி படிக்கட்டால ஓடி வந்து போனை என்ட கையில தந்து “அக்கா, அப்பா முப்பது தடவைக்கு மேல எடுத்திருக்காரு, என்ன நடந்துச்சுன்னு கேட்டு அழுறாரு, நான் என்னன்னு சொல்ல?” எண்டு கேட்டா. அப்பத்தான் என்ட போனும் டிங் எண்டுது.

இது நடந்தது போன ஒக்டோபர். கொழும்பு மழை தெரியும்தானே, ஒரு மணித்தியாலம் விடாம கொட்டினாலே ஆமர் வீதிப் பக்கம் முழங்கால் அளவு தண்ணி நிக்கும். அண்டைக்கு எங்கட சயன்ஸ் கட்டடத்தோட கீழ் மாடிக்கும் தண்ணி ஏறிட்டுது. சுவர்ல கீழால இருக்கிற பிளக் பொயின்ட் எல்லாம் தண்ணிக்குள்ள, கரண்ட் லீக் ஆகுது. முதல்ல கண்டது அங்க நிண்ட செக்யூரிட்டி அங்கிள்தான், அவர் ரெண்டு கையையும் விரிச்சு கதவை மறைச்சுக் கொண்டு ஒருத்தரையும் உள்ள விடல, கத்தி கத்தி மெயின் சுவிட்சை ஓஃப் பண்ண வெச்சார். அந்த மனிசனுக்கு நான் எத்தின தரம் நன்றி சொன்னாலும் காணாது. அது ஒண்டு இருபது போல. மெசேஜ் வந்தது மூண்டு அஞ்சுக்கு. ஒண்டே முக்கால் மணித்தியாலம்!

வந்த மெசேஜும் எப்பிடி எண்டா, நிலவும் சீரற்ற காலநிலையைக் கருத்திற் கொண்டு எண்ட மாதிரித் தொடங்கி, பொறுப்பான அதிகாரிகள் கவனிக்கிறாங்க எண்டு ரெண்டாவது வசனம், எந்தக் கட்டடம் எண்டது மூண்டாவது வசனத்துல, உள்ள போகாதீங்க எண்டது கடைசில. அதுவும் இங்கிலிஷ்லயும் சிங்களத்துலயும் மட்டும். நான் படிக்கட்டுல நிண்டு, போன்ல ஒன்பது வீதம் சார்ஜோட, அதைத் தமிழ்ல டைப் பண்ணி ஜூனியர்மாரோட வட்ஸ்அப் குரூப்புக்குப் போட்டன். கை நடுங்கினது இன்னும் நினைவிருக்கு. நான் பிழையா மொழிபெயர்த்து அதால ஒரு பிள்ளை தண்ணிக்குள்ள கால் வெச்சா? 1987ல 13வது திருத்தத்தோட தமிழும் அரச கரும மொழி எண்டு எழுதி வெச்ச நாட்டுல, கரண்ட் அடிக்கும் எண்டதைத் தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சொல்ற வேலை ஒன்பது வீதம் சார்ஜ் இருக்கிற ஒரு ஸ்டூடன்ட்ட கையில விழக் கூடாது.

இதுக்குப் பிறகுதான் நான் இந்த விஷயத்தைத் தேடித் தேடி வாசிக்கத் தொடங்கினன். கெம்பஸ் முழுக்க எஸ்எம்எஸ் அனுப்புற முறை உலகத்துல பரவினதுக்கு ஒரு பெரிய காரணம் அமெரிக்காவுல வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்துல 2007 ஏப்ரல் 16 நடந்த துப்பாக்கிச் சூடு. காலம ஏழேகால் போல ஒருத்தன் ஒரு ஹொஸ்டல்ல ரெண்டு பேரைச் சுட்டிருக்கான். அது அந்த ரெண்டு பேரோட தனிப்பட்ட பிரச்சினை, சுட்டவன் கெம்பஸை விட்டுப் போயிருப்பான் எண்டு பெரிய ஆக்கள் நினைச்சிருக்காங்க. பிள்ளைகளுக்கு முதல் ஈமெயில் போனது 9.26க்கு. 9.40 போல அவன் இன்னொரு கட்டடத்துக்குள்ள போய் வகுப்பு வகுப்பாச் சுட்டிருக்கான். மொத்தம் 32 பேர் செத்தாங்க. அந்த முதல் மெயில்ல ஒரு துப்பாக்கிச் சூட்டுச் சம்பவம் நடந்திருக்கு, கவனமா இருங்க எண்டுதான் இருந்தது, உள்ளயே இருங்க, ஜன்னலுக்குக் கிட்டப் போகாதீங்க எண்டு தெளிவாச் சொன்ன மெயில் வந்தது அதுக்கும் பிறகு. கூட்டம் கூடி யோசிச்ச ஆக்கள் கெட்ட ஆக்கள் இல்ல, எல்லாத்தையும் உறுதிப்படுத்திட்டுச் சொல்லுவம் எண்டு இருந்திருக்காங்க. எங்கட ஒண்டே முக்கால் மணித்தியாலமும் அப்பிடித்தான் போயிருக்கும் எண்டு நினைக்கிறன், யார் கையெழுத்து வைக்கிறது, எந்தச் சொல்லைப் போடுறது எண்டு. 2008ல அங்க கெம்பஸ் பாதுகாப்புக்கெண்டு இருக்கிற கிளெரி சட்டத்தைத் திருத்தி, ஆபத்து உறுதியானா தாமதிக்காம அறிவிக்க வேணும், அந்த முறையை வருஷத்துக்கு ஒருக்காவது சோதிச்சுப் பார்க்க வேணும் எண்டு போட்டாங்க.

வட்ஸ்அப் குரூப் இருக்குத்தானே, எஸ்எம்எஸ் எதுக்கு எண்டு என்ட ஃபிரண்ட்ஸே கேட்டாங்க. 2019 ஏப்ரல் 21ஐ மறந்துட்டீங்களா? ஈஸ்டர் குண்டு வெடிச்ச அண்டைக்கு பேஸ்புக், வட்ஸ்அப் எல்லாத்தையும் அரசாங்கம் நிப்பாட்டிட்டுது, நான் அப்ப ஸ்கூல், வெள்ளவத்தை வீட்டுல அம்மா சாதாரண எஸ்எம்எஸ்ல ஒவ்வொருத்தரா “சுகமா?” எண்டு கேட்டுக் கொண்டிருந்தவ. எஸ்எம்எஸ்சுக்கு டேட்டா வேணாம், ஸ்மார்ட் போன் வேணாம், ரீலோட் முடிஞ்சாலும் வரும். ஆனா அதுக்கும் ஒரு பலவீனம் இருக்கு, ஒவ்வொரு நம்பருக்கும் தனித்தனியாத்தான் போகும், ஆயிரக்கணக்கான நம்பருக்கு ஒரேயடியா அனுப்பினா வரிசையில நிண்டுதான் வரும், எனக்கு வர முன்னம் பதுளைக்குப் போனதும் அதாலதான். செல் புரோட்காஸ்ட் எண்டு ஒண்டு இருக்கு, அது டவருக்குக் கீழ இருக்கிற எல்லாப் போனுக்கும் நம்பர் இல்லாமலே ஒரே நேரத்துல போகும், ஆனா அதை ஒரு கெம்பஸ் தன்ட பாட்டுக்குச் செய்ய ஏலாது, நெட்வேர்க்காரரும் அரசாங்கமும் சேர வேணும்.

சரி, தமிழ்ல ஏன் அனுப்பல எண்டு போய்க் கேட்டம். சொன்ன பதில், தமிழ் எழுத்து கூட இடம் பிடிக்கும், மெசேஜ் நீளமாகும். அது பொய் இல்ல. இங்கிலிஷ்ல ஒரு எஸ்எம்எஸ்சுக்கு 160 எழுத்து, தமிழோ சிங்களமோ வந்தா அது 70 ஆகும், 70ஐத் தாண்டினா உடைஞ்சு 67, 67 எழுத்தாப் போகும். அதுவும் புள்ளி, விசிறி (ி, ீ மாதிரிக் குறி) எல்லாத்தையும் போன் தனித்தனி எழுத்தா எண்ணும். ‘தண்ணீர்’ எண்டதுல நாங்க கண்ணால பார்க்கிறது நாலு எழுத்து, போன் எண்ணுறது ஏழு. அப்ப 70க்குள்ள ஒரு உயிரைக் காப்பாத்த ஏலாதா எண்டு நானும் என்ட ரூம்மேட்டும் ஒரு இரவு முழுக்க இருந்து எழுதிப் பார்த்தம். முதல்ல வந்தது இது:

“சயன்ஸ் கட்டடத்தில் மின்கசிவு. உள்ளே போகாதீர்கள். தண்ணீரில் இறங்காதீர்கள்.”

எண்ணிப் பார்த்தா 73. மூண்டு கூட. எதை வெட்டுறது? கட்டடத்தோட பேரை வெட்ட ஏலாது, தண்ணியை வெட்ட ஏலாது. அப்ப ரூம்மேட் சொன்னா, “எடி, நாங்க வாயால எப்பிடிச் சொல்லுவம்?” எண்டு. போகாதீர்களை போகாதீங்க எண்டு மாத்தினம், இறங்காதீர்களை இறங்காதீங்க எண்டு மாத்தினம். 69! ரெண்டு பேரும் கட்டில்ல இருந்து துள்ளிட்டம். எழுத்துத் தமிழை விட்டு வாயில வாற தமிழுக்கு வந்தவுடன இடமும் கிடைச்சுது, கேக்கிறவனுக்கு டக்கெண்டு படவும் செய்யுது. ஒரே ஒரு எஸ்எம்எஸ். சீரற்ற காலநிலையும் வேணாம், பொறுப்பான அதிகாரிகளும் வேணாம்.

நம்பர் விஷயம்தான் இன்னும் பெரிய ஓட்டை. ரெஜிஸ்ட்ரேஷன் ஃபோர்ம் நிரப்பேக்க அந்த தங்கச்சிட்ட சொந்தப் போன் இல்ல, அதால அப்பாட நம்பரைப் போட்டிருக்கா. அவ மட்டும் இல்ல, விசாரிச்சா எத்தினையோ பேர், அண்ணாட நம்பர், பக்கத்து வீட்டு நம்பர், ஊர்ல பாவிச்சுக் கொழும்புக்கு வந்தாப் பிறகு எறிஞ்ச சிம். ஒண்டு, அதைத் திருத்த வேணும். ரெண்டாவது, மெசேஜ் வாற பேரு. அதே பேர்லதான் எக்ஸாம் ஃபீஸ், ஸ்போர்ட்ஸ் மீட், ரத்ததான முகாம் எல்லாம் வரும், கூடவே பீட்சாக் கடையும் லோன் கம்பனியும் வேற போனை நிரப்பும், யார் திறந்து பார்க்கிறது? ஆபத்துக்கெண்டு ஒரு தனிப் பேர் வேணும், அதுல வேற ஒரு மெசேஜும் வரக் கூடாது.

அடுத்த மாசமே டித்வா சூறாவளி வந்துச்சு. மலையகத்துல மண்சரிவு, களனி கங்கை பெருகி கொழும்புப் பக்கம் வெள்ளம், நாடு முழுக்க 600 பேருக்கு மேல இல்லாமப் போனாங்க. அப்ப எல்லாம் தலைகீழ், பிள்ளைகள் இங்க, அப்பா அம்மா அங்க. அந்த தங்கச்சி எங்கட போர்டிங்ல என்ட கட்டில்ல குந்திக்கொண்டு தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தோட மண்சரிவு எச்சரிக்கையைப் பார்த்துப் பார்த்து, மஞ்சளா செம்மஞ்சளா சிவப்பா எண்டு, சிவப்பெண்டா வெளிக்கிட வேணும், அதை அப்பாக்கு போன்ல சொல்லிக் கொண்டே இருந்தா. “அப்பா, செவப்புன்னா எறங்கிடுங்க, சாமான் பாக்காதீங்க, எறங்கிடுங்க.” லைன் விட்டு விட்டு வந்துச்சு. அவங்க இறங்கி ஸ்கூல்ல போய் இருந்தாங்க, தப்பிட்டாங்க. நான் அந்தப் பிள்ளைட வாயைத்தான் பார்த்துக் கொண்டிருந்தன், அவ சொன்ன ஒவ்வொண்டும் 70 எழுத்துக்குள்ள இருந்துது.

ஜனவரில நாங்க ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு பல்க் எஸ்எம்எஸ் எக்கவுண்ட் ஒண்டு எடுத்து, எங்கட பெட்ச், ஜூனியர் எண்டு 41 நம்பருக்குச் சோதனை மெசேஜ் அனுப்பினம், தமிழ்லயும் சிங்களத்துலயும். சிங்களத்தை எழுதித் தந்தது காலியில இருந்து வந்த என்ட பெட்ச்மேட், அவளும் அண்டைக்கு அதே படிக்கட்டுல நிண்டவள். கெண்டீன்ல எல்லாரும் போனை மேசையில வெச்சுக் கொண்டு பார்த்துக் கொண்டிருந்தம், சிலது உடன டிங் டிங் எண்டுது, கடைசிப் போன் ஆறு நிமிசத்துக்குப் பிறகு. மூண்டு பேருக்கு வரவே இல்ல, அதுல ரெண்டு பழைய நம்பர். பதுளை அப்பாட நம்பரையும் வேணுமெண்டே சேர்த்தனாங்க. அவர் மகளுக்கு எடுத்து, “சோதனைன்னு போட்டிருக்கும்மா, நானே வாசிச்சிட்டேன்” எண்டு சொன்னாராம்.

இந்தக் கணக்கையும் 69 எழுத்து மெசேஜையும் சேர்த்து கடிதமா எழுதி உரிய இடத்துல குடுத்திருக்கிறம், பார்க்கிறம் எண்டிருக்காங்க. நாங்க அடுத்த வேலையைத் தொடங்கிட்டம். புது பெட்ச் ரெஜிஸ்ட்ரேஷனுக்கு வாற நாள்ல மெயின் கேட்டுக்குப் பக்கத்துல ஒரு மேசை போட்டு இருப்பம். ஃபோர்ம்ல உங்கட கையில இருக்கிற போன் நம்பரை முதல்ல போடுங்க, வீட்டு நம்பரை ரெண்டாவதாப் போடுங்க, அதோட பொலிஸ் 119, சுவசெரிய அம்புலன்ஸ் 1990, அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117, மூண்டையும் அந்த இடத்துலயே சேவ் பண்ணித் தருவம். காலம எட்டு மணிக்கு நான் அங்க நிப்பன்.