ஸ்டெம் செல்லுக்குள் இரும்பு ஏற்றி எம்ஆர்ஐயில் தேடிய அனுபவம்

ஊசி வழியாக உடலுக்குள் செலுத்திய ஸ்டெம் செல்கள் (வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய மூல செல்கள்) எங்கே போய்ச் சேர்ந்தன என்று பார்க்க ஒரு வழி உண்டு. முன்கூட்டியே அவற்றுக்குள் காந்தத்துக்கு வினைபுரியும் இரும்பு ஆக்சைடு நானோ துகள்களை ஏற்றிவிட்டால், எம்ஆர்ஐ படத்தில் அந்த இடம் கறுப்பாகத் தெரியும். என் ஆய்வுக் காலத்தின் பெரும்பகுதி இந்த வேலையில்தான் போனது. செய்முறை ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். ஆனால் படத்தைக் காட்டி "இது நம் செல்தான்" என்று சொல்லும் நிலைக்கு வர ரொம்ப உழைக்க வேண்டும். இதைத் தொடங்கப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் எந்தத் துகள் என்ற கேள்வி. கல்லீரல் ஸ்கேனுக்காக வந்த ஃபெருமோக்சைட்ஸ் என்ற மருந்தைத்தான் முன்பு பலர் பயன்படுத்தினார்கள். அது சந்தையிலிருந்து போய்விட்டது. நாங்கள் எடுத்துக்கொண்டது ஃபெருமோக்சிடால். சிறுநீரக நோயாளிகளின் இரும்புச்சத்துக் குறைவுக்காக 2009-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஊசி மருந்து அது. நாளை மனிதர்களுக்குக் கொண்டுபோக வேண்டும் என்றால், ஏற்கெனவே மருந்தாக இருக்கும் பொருள் நல்லது.

சிக்கல் என்னவென்றால், ஸ்டெம் செல் இதைத் தானாக விழுங்காது. துகளின் மேலுறையும் எதிர்மின்னூட்டம், செல் சவ்வும் எதிர்மின்னூட்டம். அதனால் இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின், அதற்கு முறிவாகக் கொடுக்கப்படும், நேர்மின்னூட்டம் கொண்ட புரோட்டமைன், ஃபெருமோக்சிடால் மூன்றையும் கலந்தால் தாமாகவே ஒட்டி உருவாகும் கூட்டுத் துகளைப் பயன்படுத்தினோம். 2012-இல் வெளியான முறை இது. மூன்றுமே மருந்துகள் என்பது இதில் எனக்குப் பிடித்த விஷயம்.

எங்கள் அளவு: ஒரு மில்லிலிட்டர் மீடியத்துக்கு (செல்களை வளர்க்கும் ஊட்டத் திரவம்) ஹெப்பாரின் 2 யூனிட், புரோட்டமைன் 60 மைக்ரோகிராம், ஃபெருமோக்சிடால் 50 மைக்ரோகிராம். இதே வரிசையில், ஒவ்வொன்றுக்கும் நடுவே நன்றாகக் கலக்கிச் சேர்க்க வேண்டும். மீடியத்தில் சீரம் (இரத்தத்திலிருந்து பிரித்த திரவம்) இருக்கக் கூடாது. சீரப் புரதங்கள் குறுக்கே வந்து ஒட்டிக்கொள்ளும். 2 மணி நேரம் கழித்து சீரம் கலந்த மீடியத்தை ஊற்றி, இரவு முழுக்க இன்குபேட்டரில் விட்டுவிடுவோம்.

அப்புறம் கழுவுவது. இந்த வேலையில் அவசரமே கூடாத கட்டம் இதுதான் என்பேன். இரும்புத் துகள் செல்லுக்குள் போவதைப் போலவே சவ்வின் வெளிப்புறத்திலும் கொத்தாக ஒட்டிக்கொள்ளும். வெளியே ஒட்டியது ஊசியோடு உடலுக்குள் போனால், செல்லே இல்லாத இடத்திலும் கறுப்பு தெரியும். அதனால் ஹெப்பாரின் கலந்த உப்புக் கரைசலால் திரும்பத் திரும்பக் கழுவி, ஒவ்வொரு தொகுப்பிலிருந்தும் கொஞ்சம் எடுத்து, இரும்பை நீலமாகக் காட்டும் பிரஷ்யன் புளூ சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்ப்போம். உள்ளே போன இரும்பு, நியூக்ளியஸைச் சுற்றிச் சின்னச் சின்ன நீலப் புள்ளிகளாகத் தெரியும். ஃபோகஸை மெல்ல மேலே கீழே நகர்த்தினால், செல்லுக்கு மேல் மிதக்கும் கொத்து தனியாகப் பிரிந்து தெரிந்துவிடும். அப்படிக் கொத்து தெரிந்தால் அந்தத் தொகுப்பை ஊசிக்கு எடுக்க மாட்டோம்.

எவ்வளவு இரும்பு ஏறியது என்பதை, செல்லை அமிலத்தில் கரைத்து, இரும்போடு சேர்ந்து நிறம் தரும் ஃபெரோசின் சேர்த்து, அந்த நிறம் 562 நானோமீட்டர் ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளந்தோம். ஒரு செல்லுக்கு 10 முதல் 20 பிகோகிராம் என்றால் திருப்தியாக இருக்கும். அதிகம் ஏற்றினால் படம் பளிச்சென்று வரும் என்ற ஆசைக்கு இடம் கொடுக்க வேண்டாம். செல் உயிரோடு இருப்பது மட்டும் போதாது. எலும்பாகவும் கொழுப்பாகவும் குருத்தெலும்பாகவும் மாறும் திறன் அப்படியே இருக்க வேண்டும். ஃபெருமோக்சைட்ஸ் காலத்தில், இரும்பு ஏற்றிய செல்கள் குருத்தெலும்பாக மாறுவது தடைபட்டதாக 2004-இல் ஒரு ஆய்வு வந்தது. அதனால் அந்தச் சோதனையை நாங்கள் விடவே இல்லை.

விலங்குக்கு முன், செல்களை அகரோஸ் ஜெல்லில் கலந்து ஸ்கேன் செய்தோம். ஜெல்லில் காற்றுக் குமிழி இருந்தால் அதுவும் கறுப்பாகவே தெரியும் என்பதால் மிக மெதுவாக ஊற்ற வேண்டும். இரும்பை எளிதில் காட்டும் கிரேடியன்ட் எக்கோ என்ற ஸ்கேன் முறையில் எக்கோ நேரத்தை (சிக்னலைப் பதிவு செய்யும் முன் காத்திருக்கும் நேரம்) கூட்டினால் சில செல்கள்கூடத் தெரியும். ஆனால் மாலை வெயிலில் நிழல் ஆளைவிட நீளமாக விழுவதுபோல, கறுப்பு உண்மையான அளவைவிட விரிந்து தெரியும். அதை வைத்துச் செல்களின் எண்ணிக்கையைச் சொல்ல முடியாது.

விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி கிடைத்த பிறகு எலி மூளையில் மனித ஸ்டெம் செல்களைச் செலுத்தினோம். ஊசி போடும் முன்பே ஒரு ஸ்கேன் எடுத்துக்கொண்டோம். எங்கள் வழிகாட்டி வலியுறுத்தியதால் இன்னும் சில எலிகளைச் சேர்த்தோம்: சிலவற்றுக்கு வெறும் உப்புக் கரைசல், சிலவற்றுக்கு இரும்பு ஏற்றி, உறையவைத்து உருக்கிக் கொன்ற செல்கள். வாரங்கள் கழித்து எடுத்த படங்களை அருகருகே வைத்தபோது எனக்கு மனசு கனத்தது. உயிருள்ள செல் போட்ட இடமும் கறுப்பு, செத்த செல் போட்ட இடமும் கறுப்பு. ஊசித் தடத்தில் கசிந்த இரத்தத்தின் இரும்பால், உப்புக் கரைசல் போட்ட எலியிலும் ஒரு மெல்லிய கறுப்புக் கோடு. அந்தச் செத்த செல் எலிகள் இல்லாமல் போயிருந்தால், "செல்கள் வாரக்கணக்கில் உயிர் வாழ்ந்தன" என்று எழுத எங்களைத் தடுக்க எதுவுமே இருந்திருக்காது.

விடை திசுவில்தான் கிடைத்தது. மூளையை மெல்லிய சீவல்களாக வெட்டி, நீலச் சாயத்தோடு மனித செல்லை மட்டும் காட்டும் ஆன்டிபாடியையும், மேக்ரோஃபேஜை (செத்த செல்களை விழுங்கும் நோயெதிர்ப்புச் செல்) காட்டும் ஆன்டிபாடியையும் போட்டோம். செத்த செல் பகுதியில் நீலம் முழுக்க எலியின் மேக்ரோஃபேஜுக்குள் இருந்தது. செத்ததை விழுங்கியபோது இரும்பையும் சேர்த்தே எடுத்துக்கொண்டிருந்தன. உயிருள்ள செல் பகுதியில் நீலம் ஏறிய மனித செல்களும் மேக்ரோஃபேஜ்களும் கலந்திருந்தன. நீலமும் மனித அடையாளமும் ஒன்றாகச் சேர்ந்த செல்களை மட்டுமே எங்கள் கணக்கில் எடுத்தோம்.

இதற்காக இந்த முறையையே தள்ளிவிட வேண்டியதில்லை. ஊசி சரியான இடத்தில் இறங்கியதா என்று உடனே பார்க்க இது அருமையானது. 2005-இல் நெதர்லாந்தில் மெலனோமா (ஒரு வகைத் தோல் புற்றுநோய்) நோயாளிகளுக்கு இரும்பு ஏற்றிய டெண்ட்ரிடிக் செல்களை (நோயெதிர்ப்பைத் தூண்டும் செல்கள்) நிணநீர்க் கணுவில் செலுத்தினார்கள். அல்ட்ராசவுண்ட் பார்த்துக்கொண்டே ஊசி போட்டும், பாதிப் பேருக்கு அது கணுவுக்குள் இறங்கவில்லை என்பதை எம்ஆர்ஐதான் காட்டியது. சிகிச்சை ஏன் பலிக்கவில்லை என்று தேடும் மருத்துவருக்கு அது எவ்வளவு பெரிய தகவல்!

ஆனால் செல் பிழைத்திருக்கிறதா என்பது உங்கள் கேள்வி என்றால், இன்னொரு அடையாளமும் சேர்த்தே தொடங்குங்கள். இப்போது நாங்கள் செலுத்தும் செல்களில் இரும்போடு, மின்மினியில் ஒளி உண்டாக்கும் லூசிஃபெரேஸ் என்ற நொதியின் ஜீனும் இருக்கிறது. அந்த நொதி வினைபுரியும் லூசிஃபெரினைக் கொடுத்தால் உயிருள்ள செல் மட்டுமே ஒளிரும். மனிதர்களுக்கு இது சரிப்படாது, எலிக்குப் போதும். இடத்துக்கு எம்ஆர்ஐ, உயிருக்கு ஒளி என்று ஒரே எலியில் இரண்டையும் எடுக்கிறோம்.