கணக்கு வாத்தியார் முதல்வர் பதவிக்கு விண்ணப்பித்த கதை

பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2018 ஒழுங்குமுறைப்படி கல்லூரி முதல்வராக வேண்டுமென்றால் முனைவர் பட்டம், 15 ஆண்டுப் பணி, இணைப் பேராசிரியர் நிலை, 10 ஆய்வுக் கட்டுரைகள், இவற்றோடு ஆய்வு மதிப்பெண் 110 வேண்டும். பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் கணக்கு நடத்திக்கொண்டிருந்த எனக்கு மற்றதெல்லாம் கைவசம் இருந்தது. அந்த 110தான் ஆளை அலைக்கழித்தது.

அறிவியல் துறையில் ஒரு கட்டுரைக்கு 8 மதிப்பெண். இதழின் இம்பேக்ட் ஃபேக்டர், அதாவது அதில் வரும் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்ற எண், ஒன்றுக்குக் கீழே இருந்தால் கூடுதலாக 10, ஒன்றிலிருந்து இரண்டு வரை 15, அதற்கு மேல் இன்னும் ஏறும். வேதியியல்காரர்களுக்கு இது கொண்டாட்டம். கணிதத்தில் ஒரு கட்டுரையை அடுத்தவர் படித்து மேற்கோள் காட்டவே வருஷக்கணக்காகும்; நல்ல இதழ்களில்கூட அந்த எண் ஒன்றைத் தாண்டாமல் கிடக்கும். ஆக எனக்கு ஒரு கட்டுரைக்கு 18.

அந்த 18ம் முழுசாக வராது. இரண்டு பேர் எழுதியிருந்தால் ஆளுக்கு 70 சதவீதம், அதாவது 12.6. மூன்று பேரோ அதற்கு மேலோ என்றால் முதல் ஆசிரியருக்கு, அல்லது இதழோடு கடிதத் தொடர்பு வைத்திருப்பவருக்கு 70. மற்றவர்களுக்கு 30 சதவீதம், வெறும் 5.4. இங்கேதான் சிக்கல். கணிதத்தில் ஆசிரியர் பெயர்களை ஆங்கில அகர வரிசையில் போடுவதுதான் வழக்கம். என் பெயர் 'வி'யில் தொடங்குகிறது. வேலையில் பாதியை நான் செய்திருந்தாலும் பெயர் வாலில்தான். விதி எழுதியவர்கள் ஒரு கணக்கு வாத்தியாரைக் கேட்டிருக்கலாம்!

"அண்ணாச்சி, பேரு எங்க இருக்குன்னு பாக்காதிய, ஈமெயில் யாருதுன்னு பாருங்க" என்றார் அபிஷேகப்பட்டியில் பல்கலைக்கழகத்தில் இருக்கும் நண்பர். சரிதான். ஒவ்வொரு கட்டுரையின் முதல் பக்கத்தையும் எடுத்துப் பார்த்தால் பலவற்றில் என் மின்னஞ்சலுக்குத்தான் நட்சத்திரக் குறி; இதழோடு கடிதத் தொடர்பு வைத்திருந்தவர் யார் என்று காட்டும் குறி அது. அந்தப் பக்கங்களை நகலெடுத்து, குறியை மஞ்சள் மையால் வட்டமிட்டு வைத்தேன். 5.4 எல்லாம் 12.6 ஆயின.

என் வேலை கிராஃப் லேபிளிங்கில், அதாவது புள்ளிகளும் கோடுகளும் சேர்ந்த அமைப்புக்கு ஒரு விதிப்படி எண் போடும் கணிதத்தில். இந்த வட்டாரத்தில் அது ஊர்த் தொழில் மாதிரி. சராசரியை வைத்து எண் போடும் 'மீன்' (mean) லேபிளிங்கை 2003இல் அறிமுகப்படுத்திய சோமசுந்தரமும் பொன்ராஜும் நம்ம பக்கத்துக்காரர்கள்தான். ஒருவர் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம், மற்றவர் ஆழ்வார்குறிச்சிக் கல்லூரி. அமெரிக்கக் கணிதவியலாளர் கேலியன் தொகுத்து வரும் லேபிளிங் ஆய்வுத் தொகுப்பில் நெல்லைப் பெயர்கள் அடிக்கடி தட்டுப்படும். அதிலிருந்தே என் கட்டுரைகளைக் குறிப்பிட்ட பக்கங்களையும் எடுத்துச் சேர்த்தேன். அதற்கு மதிப்பெண் கிடையாது, ஆனாலும் நேர்காணலில் கைகொடுத்தது.

அடுத்த நிபந்தனையைப் பலர் கவனிப்பதில்லை. மதிப்பெண் ஆறு பிரிவுகளில் குறைந்தது மூன்றிலிருந்து வர வேண்டும். கட்டுரை மட்டுமே எழுதிக் குவித்தவருக்கு 110 தாண்டினாலும் பயனில்லை. எனக்கு ஆய்வு நெறியாள்கை இருந்தது. முனைவர் பட்டம் பெற்ற ஒரு மாணவருக்கு 10, இணை நெறியாளர் இருந்தால் ஆளுக்கு 7. மூன்றாவது பிரிவுக்குத் தேசியக் கருத்தரங்கில் பேசிய சான்றிதழ்கள், ஒவ்வொன்றுக்கும் 3. அப்போதெல்லாம் அந்தக் காகிதத்தை யார் மதித்தார்கள்?

நேர்காணலில் கணிதம் பற்றி ஒரே ஒரு கேள்விதான். மீதியெல்லாம் விடுதிக் கட்டணப் பாக்கி, காலிப் பணியிடம், கல்லூரிகளுக்குத் தர மதிப்பீடு தரும் நாக் (NAAC) குழு வந்தால் என்ன காட்டுவீர்கள் என்பதைச் சுற்றியே போயிற்று. உள்தர மதிப்பீட்டுக் குழுவில் இருந்த பழக்கத்தால் சமாளித்தேன்.

வேலை கிடைத்தது. பதவிக்காலம் ஐந்து ஆண்டு, தகுதி மதிப்பீட்டின்பேரில் இன்னொரு ஐந்து. துணைவேந்தர் ஆகலாமே என்று வீட்டில் கேட்கிறார்கள். அதற்குப் பல்கலைக்கழகப் பேராசிரியராகப் பத்து ஆண்டு இருந்திருக்க வேண்டும், அல்லது பேர்பெற்ற ஆய்வு, கல்வி நிர்வாக நிறுவனத்தில் கல்வித் தலைமையோடு அத்தனை ஆண்டு. தென்காசியிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் நான் மதிப்பெண் கணக்குப் போட்ட எக்செல் தாளைக் கேட்கிறார்கள். அனுப்பிவிடுகிறேன், அந்த மஞ்சள் வட்டத்தை மட்டும் அவரவர்தான் போட்டுக்கொள்ள வேண்டும்.