ஐந்து அசை, எட்டு அசை

ஆணும் பெண்ணும் சேர்ந்து பாடும் கலப்புப் பாடகர் குழுவுக்காக ஆங்கிலக் கவிதைக்கு இசையமைக்க முனைபவர்கள் பெரும்பாலும் பொருளில் மயங்கிவிடுகிறார்கள். முதலில் எண்ணவேண்டியது அசையை. இங்கே அசை என்பது நம் நேரசை, நிரையசை அல்ல; ஓர் உயிரொலியைச் சுற்றி நிற்கும் ஆங்கிலச் சொல்துண்டு.

கிறிஸ்டினா ரோஸெட்டியின் 'இன் த ப்ளீக் மிட்விண்டர்' 1872இல் அச்சானது. முதல் பத்தியின் தொடக்க அடியில் ஆறு அசை. இரண்டாம், மூன்றாம் பத்திகளில் எட்டு. கடைசிப் பத்தியில் ஐந்துதான். 1906இல் இசையமைப்பாளர் ஹோல்ஸ்ட் போட்ட மெட்டோ எல்லாப் பத்திக்கும் ஒன்றே. ஆகவே ஒரு சுரத்தை இரண்டாக உடைக்கவேண்டும், அல்லது 'ஹெவன்' என்பதை ஓரசையாக விழுங்கவேண்டும். எங்கே எப்படி என்று முன்பே சொல்லாவிட்டால் இரண்டாம் பத்தியில் ஆளுக்கொரு பக்கம் போவார்கள். இன்னொரு இசையமைப்பாளரான ஹரால்ட் டார்க் அதே கவிதைக்குப் பத்திதோறும் இசையை மாற்றினார். முதல் பத்தியைச் சோப்ரானோவுக்கும் (உயர்ந்த பெண்குரல்) மூன்றாவதை டெனருக்கும் (உயர்ந்த ஆண்குரல்) தனிக்குரலாகக் கொடுத்தார். தனியாள் சொல்லை நெகிழ்த்திப் பாடலாம். நாற்பது பேருக்கு அது ஆகாது.

தமிழ் யாப்பில் குறிலும் நெடிலும் கால அளவைக் காட்டிவிடும். ஆங்கிலச் செய்யுள் அழுத்தத்தில் நடக்கிறது. 'ஆஃப்', 'டு', 'த' போன்ற அழுத்தமில்லாத சொற்கள் தாளத்தின் முதல் தட்டில் விழுந்தால் பாட்டு நொண்டும். உரக்கப் படித்து அழுத்தங்களுக்குக் கோடிட்ட பிறகே மெட்டைத் தேடலாம். நீளத்தையும் அப்போதே கணக்கிடுங்கள்: அடிக்குப் பத்து அசையாகப் பதினான்கு அடி கொண்ட ஒரு சானட்டில் 140 அசை. நொடிக்கு ஓர் அசை என்றாலே 2 நிமிடம் 20 நொடி. நீட்டலும் மூச்சும் அதற்குமேல்.

உயரத்தில் எந்த உயிரொலி வருகிறது என்பதில்தான் அதிகம் சறுக்குகிறது. 'ஈ' ஒலியின் முதல் ஒத்ததிர்வு, அதாவது வாயும் தொண்டையும் இயல்பாகப் பெருக்கிக் கொடுக்கும் அதிர்வெண், ஏறத்தாழ 300 ஹெர்ட்ஸ். சோப்ரானோவின் மேல் எஃப் சுரமோ 700ஐ ஒட்டியது. ஒத்ததிர்வையும் அந்த உயரத்துக்கு ஏற்ற, வாயைத் திறந்தால்தான் குரல் வரும். திறந்ததும் 'ஈ' மறைந்து 'ஆ' பக்கம் சாயும். உச்சத்துக்கு 'ஆ' உள்ள சொல்லைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் உச்சத்தையே கீழே இறக்குங்கள்.

சொல் 'ஸ்' என்று முடிந்து ஆளுக்கொரு நேரத்தில் சீறினால் பாம்புப் புற்றுதான். நீண்ட சுரத்தை ஒரு தட்டு குறைத்து, அங்கே ஓய்வுக்குறி போட்டு, 'ஸ்' அந்த ஓய்வின் மேல் விழும் என்று எழுதிவிடுங்கள். 'நைட்' போன்ற சொல்லில் 'ஆ'வைப் பிடித்து நிற்கவேண்டும். 'இ' கடைசி நொடியில் வந்தால் போதும். புதிய அடியை நான்கு குரலும் ஒன்றாகச் சொல்லட்டும். ஒன்றையொன்று துரத்தும் விளையாட்டைக் கேட்டுப் பழகிய வரிக்கு வைத்துக்கொள்ளலாம்.

உரிமையை மெட்டுக்கு முன் விசாரியுங்கள். அமெரிக்க இசையமைப்பாளர் எரிக் விட்டேக்கர், கவிஞர் ராபர்ட் ஃப்ராஸ்டின் பனிக்காட்டுக் கவிதைக்கு இசையமைத்து முடித்த பின் அனுமதி மறுக்கப்பட்டது. அடிக்கு எட்டு அசை பிசகாத கவிதை அது. அதனால் கவிஞர் சார்ல்ஸ் அந்தோணி சில்வெஸ்ட்ரி அதே அளவில் வேறு கவிதை எழுதிக் கொடுக்க, மெட்டு பிழைத்தது. ஃப்ராஸ்டின் 'ஸ்லீப்' என்ற முடிவுச் சொல்லும் அதே இடத்தில் நின்றது.