தட்டு எண் 17

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் நான் வளர்ந்த வீடு ஒரு மாணவர் விடுதியின் சமையற்கட்டை ஒட்டி இருந்தது. அம்மா அங்கே சமையல். விடுதி மூடி நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது, அந்த இடத்தில் இப்போது டயர்க் கடை. அங்கே தங்கிப் படித்த பையன்களில் ஆளுக்கு ஓர் அட்டை எழுதி வைப்போம் என்று போன பிப்ரவரியில் தொடங்கினேன். மீன் தொட்டி, போன்சாய் எல்லாம் முடிந்து ஓய்வுக்காலத்தில் இது எனக்கு மூன்றாவது பைத்தியம். வீட்டுக்காரி இதற்கும் ஆறு மாதம்தான் ஆயுசு என்றாள். பதினான்கு மாதம் ஆகிவிட்டது.

அந்தப் பையன்களின் ரப்பர் தோட்டத்திலேயே பள்ளிக்கூடம் இருந்ததே, பிறகு எதற்கு விடுதி என்று என் மகன் கேட்டான். இருந்தது. 7 முதல் 14 வயதுக்குள் 10 பிள்ளைகள் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923 தொழிலாளர் சட்டமே சொன்னது. ஆனால் அந்தப் பள்ளிகள் ஆறாம் வகுப்போடு நின்றுவிடும். மேலே படிக்கப் பட்டணத்துக்கு வர வேண்டும். லாசா ரோட்டில் உள்ளே தள்ளி இருக்கும் தோட்டங்களிலிருந்து காலைப் பள்ளிக்கு வர பஸ் ஏது? அது போக, 50களில் வெள்ளைக்காரன் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில் தொழிலாளர் குடியிருப்பான லயத்தை விட்டு இறங்கிய குடும்பங்கள் உண்டு. அமைச்சராக இருந்த எங்கள் ஊர்க்காரர் துன் சம்பந்தன், தொழிலாளர்கள் பணம் சேர்த்துத் தோட்டம் வாங்கும் நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை 1960இல் தொடங்கியதே அந்தத் துண்டாடலைப் பார்த்துத்தான். அப்பா அம்மா இந்த வருஷம் எந்தத் தோட்டத்தில் இருப்பார்கள் என்று தெரியாத பிள்ளைக்கு விடுதிதான் நிலையான விலாசம்.

கையில் இருந்தவை இரண்டு. 1968இல் எடுத்த ஒரு குழுப்படம், 43 பையன்கள். அப்புறம் 84 வயது அம்மா.

படத்தை முதல் வாரமே கெடுத்தேன். ஃபிரேம் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தது. முடி உலர்த்தும் மெஷினால் சூடு காட்டி உரித்தேன். பின் வரிசையில் இரண்டு பேரின் முகம் கண்ணாடியிலேயே தங்கிவிட்டது. ஒட்டிய படத்தை உரிக்கக் கூடாது, கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்ய வேண்டும் என்று இப்போது தெரியும். அந்தக் கண்ணாடித் துண்டைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்திருக்கிறேன், தூக்கிப் போட மனம் வரவில்லை.

அம்மாவுக்குப் பெயர்கள் அவ்வளவாக நினைவில்லை. எண்தான். எனாமல் தட்டுகளின் அடியில் சிவப்புப் பெயிண்டில் எண் எழுதியிருக்கும், ஆளுக்கு ஒரு தட்டு, தின்றவனே கழுவி அடுக்க வேண்டும். "ஒம்பதுக்குக் கத்திரிக்கா ஆகாது. முப்பத்தொண்ணு ரசத்தக் குடிச்சிட்டுத்தான் சோத்துல கை வைப்பான்." அந்தப் பையன்களும் அப்படியே. எழுபது வயதில் காப்பிக்கடையில் எதிர்ப்பட்டால், "டேய் முப்பத்திரெண்டு" என்றுதான் கூப்பிட்டுக்கொள்கிறார்கள். அதனால் அட்டைக்கும் தட்டு எண்ணையே தலைப்பாக வைத்தேன். இது எனக்கு ரொம்ப கெட்டிக்காரத்தனமாகத் தோன்றியது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதல் நான்கு மாதம் தப்பான கேள்வி கேட்டுக்கொண்டிருந்தேன். "அவரு பிறகு என்ன ஆனாரு?" என்றால் இரண்டே பதில்: "போய்ட்டாரு", இல்லாவிட்டால் "மகன் டாக்டரு". அட்டை நிரம்பும், ஆள் தெரிய மாட்டார். ஒரு நாள் வேறு ஏதோ பேச்சில், விடுதியை விட்டுக் கிளம்பிய அன்று உங்களை யார் வந்து கூட்டிப் போனது என்று ஓர் அண்ணனிடம் கேட்டேன். முக்கால் மணி நேரம் பேசினார். அவர் அப்பா ரப்பர் மரத்தில் பால் வெட்டி முடித்து அப்படியே வந்துவிட்டாராம், சட்டையெல்லாம் கித்தாப் பால் காய்ந்த நாற்றம். மற்றப் பையன்கள் முன்னால் தான் நாலடி தள்ளி நடந்ததை, 53 வருஷம் கழித்து என்னிடம்தான் முதலில் சொன்னாராம். இன்னொருவரை லாசாவிலிருந்து இறங்கிய, காட்டு மரம் ஏற்றும் பாலாக் லாரி ஏற்றிக்கொண்டு போனது. டிரைவர் அவருக்குச் சித்தப்பா முறை. பிறகு அதே ரோட்டில் இவரே முப்பது வருஷம் பாலாக் லாரி ஓட்டினார். நாற்பதாம் எண்ணை யாருமே வந்து கூட்டிப் போகவில்லை. பள்ளி லீவு விட்டு மூன்று நாள் எங்களோடு பசியாறிவிட்டு, நாலாம் நாள் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தே போனான் என்று அம்மா சொன்னார். இப்போது எல்லோரிடமும் அந்தக் கேள்விதான் முதலில்.

(பேச்சைப் பதிவு செய்கிறவர்களுக்கு ஒன்று: காப்பிக்கடையில் காற்றாடிக்குக் கீழே போனை வைக்காதீர்கள். ஒரு மணி நேரப் பேச்சில் எனக்குக் கிடைத்தது காற்றாடிச் சத்தமும் "காப்பி ஓ ஒண்ணு" என்ற குரலும்தான்.)

இறந்துபோனவர்களைத் தேட நான் நம்பியது பத்திரிகைகளின் கண்ணீர் அஞ்சலி விளம்பரங்களை. 2019இல் நின்றுபோன தமிழ் நேசனின் பழைய தாள்களை ஒரு நண்பர் கட்டுக் கட்டாக வைத்திருந்தார். விளம்பரத்தின் கடைசி வரிகளில்தான் விஷயம் இருக்கிறது. பிள்ளைகள், மருமக்கள், சில சமயம் பழைய தோட்டத்தின் பெயர். பெயரை மட்டும் நம்பித் தேடினால் சுற்றிவிடும். லட்சுமணன் ஐசியில், அதாவது அடையாள அட்டையில், லெட்சுமணன் ஆகியிருப்பார்.

அப்படித்தான் பதினேழு கிடைத்தார் என்று நினைத்தேன். அம்மா சொன்னது: பதினேழின் அப்பாவுக்குச் சிவப்பு ஐசி, அதாவது குடியுரிமை இல்லை. குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்யப் பெர்மிட் எடுக்க வேண்டும் என்று 1968இல் சட்டம் வந்தது. அடுத்தடுத்த வருஷங்களில் ஆயிரக்கணக்கானவர்கள் கப்பலேறினார்கள். 1970இல் அவன் அப்பா வந்து கூட்டிப் போனார். ரயிலில் வடக்கே போய், பினாங்கில் ரஜூலா கப்பல், நாகப்பட்டினம். இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், விடுதியில் இருந்த இரண்டு அண்ணன்மார், பதினேழு சிங்கப்பூரில் செம்பவாங் பக்கம் கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்தான் என்றார்கள். 2016இல் ஒரு விளம்பரம், அதே பெயர், தகப்பன் பெயருக்கும் அதே முதலெழுத்து. எங்கள் பக்கம் தெருவுக்கு மூன்று பேருக்கு அந்தப் பெயர் இருக்கும், அதை நான் யோசிக்கவில்லை. ஊருக்குப் போனான், திரும்பி வந்தான், சிங்கப்பூருக்குப் போனான் என்று இரண்டையும் நானே தைத்துவிட்டேன். எழுதி முடித்து இரண்டு முறை படித்துப் பார்த்துக்கொண்டேன், அவ்வளவு நன்றாக இருந்தது.

ஒரே ஓர் இடறல். விளம்பரத்தில் பிறந்த ஆண்டு 1958. அப்படியானால் 1968 படத்தில் இருக்கும் பையனுக்குப் பத்து வயதுதான் இருக்கும், இடைநிலைப் பள்ளிக்கு வந்திருக்க முடியாது. இதற்கும் பதில் வைத்திருந்தேன். தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தாமதமாகப் பதிந்த தேதிகள் எத்தனையோ உண்டு, தோட்டத்து எழுத்தரான கிராணி வாயில் வந்த வருஷம்தான் ஐசியில் ஏறியிருக்கும் என்று தள்ளிவிட்டேன். அது பொய்யில்லை. ஆனால் எனக்கு வசதியாக இருந்ததால்தான் அன்றைக்கு அதைப் பிடித்துக்கொண்டேன்.

அவருடைய மகள் ஜொகூர் பாருவில் இருக்கிறார். படத்தை அனுப்பினேன். "காது அப்பா மாதிரிதான் அங்கிள் இருக்கு" என்றார். அப்பா ஊருக்குப் போய்த் திரும்பிய கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்பா ஒரு நாளும் இதைச் சொன்னதில்லையே என்றார். தம்பிகளுக்கும் சொல்லிவிட்டார். நாகப்பட்டினத்துக்கு ஒரு முறை போய் வரலாமா என்ற பேச்சுவரை வந்துவிட்டது.

போன மாதம் அம்மாவுக்கு எல்லா அட்டைகளையும் வாசித்துக் காட்டினேன். பதினேழு வந்ததும் கையை நீட்டி நிறுத்தினார். "ஊருக்குப் போனவன் திரும்பல. அந்தத் தட்டத்தான் மறு வருஷம் வந்த பையனுக்குக் குடுத்தேன்."

தட்டு கைமாறும். எனாமல் தட்டு அப்படியெல்லாம் உடையாதே. ஒருவன் போனால் அவன் தட்டு அடுத்தவனுக்கு. சிங்கப்பூர் வெல்டர் அந்த அடுத்தவன். இதை நான் கேட்கவே இல்லை, நான் கேட்காததால் அம்மாவும் சொல்லவில்லை.

அன்றிரவே மகளுக்குப் போன் போட்டேன். குரல் செய்தியாக அனுப்பிவிடலாம் என்று முதலில் நினைத்தது உண்மை. நேரடியாகப் பேசுவதுதான் முறை என்று பேசினேன். திட்டியிருந்தால் தேவலை. "அப்போ அந்தப் படத்துல இருக்கறது எங்கப்பா இல்லியா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன்.

இப்போது எல்லா எண்களையும் 17-அ, 17-ஆ என்பதுபோல மறுபடி பிரித்துக்கொண்டிருக்கிறேன். 61 அட்டைகள் 74 ஆகிவிட்டன. புதிதாகப் பிரிந்த பலவற்றில் எண்ணையும் ஆண்டையும் தவிர ஒன்றுமில்லை, அப்படியே விட்டிருக்கிறேன். படத்தில் இருக்கும் முதல் பதினேழைப் பற்றி, பட்டுக்கோட்டைப் பக்கம் என்று அவன் அப்பா சொன்னதாக அம்மாவுக்கு ஒரு நினைவு. அதற்கு மேல் இல்லை.

இரண்டாம் பதினேழின் மகள் போன வாரம் தானாகவே கூப்பிட்டார். "பாட்டிக்கு எங்கப்பாவப் பத்தி ஏதாச்சும் ஞாபகம் இருக்கா அங்கிள்? எதுவா இருந்தாலும் பரவால்ல." போனை அம்மாவிடம் கொடுத்தேன்.

"மூணு தோசைக்கு மேல கேக்க மாட்டான்மா. சட்னிய மட்டும் தட்டு ஓரமா மிச்சம் வச்சு, கடைசில வெறும் சட்னிய வழிச்சுத் திம்பான்."

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. வீட்டிலும் அப்படித்தானாம். அட்டை 17-ஆ, முதல் வரியில் அதை எழுதியிருக்கிறேன்.