சாப்பிட மறுக்கும் பாம்புக்குட்டிகள்

நான் வளர்க்கும் கார்ன் ஸ்நேக் என்ற விஷமில்லாத பாம்பின் முட்டைகள் பொரியும் பருவம் வந்தால் எனக்குத் தூக்கம் குறைந்துவிடும். பெரும்பாலான குட்டிகள் முதல் சட்டையை உரித்ததுமே எலிக்குட்டியை விழுங்கிவிட்டு நிம்மதியாகச் சுருண்டுகொள்ளும். ஒன்றிரண்டு மட்டும் இரையைத் திரும்பிக்கூடப் பார்க்காது. இந்தப் பதிவு அந்த ஒன்றிரண்டுக்காக. பட்டினி அவற்றைப் படுத்துவதைவிட நம் பதற்றம் அதிகமாகப் படுத்துகிறது என்பது இத்தனை நாள் வளர்த்துப் பார்த்ததில் எனக்குப் பட்டது.

குட்டி முட்டை ஓட்டைக் கீறி மூக்கை நீட்டிய பிறகும் ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள், உள்ளேயே கிடக்கும். மிச்சமிருக்கும் மஞ்சள்கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளும் நேரம் அது. உதவுகிறேன் என்று யாரும் அதைப் பிடித்து வெளியே இழுக்காதீர்கள், தயவுசெய்து. அந்த மஞ்சள்கருதான் அடுத்த சில நாட்களுக்கு அதன் சாப்பாடு. பொதுவாக 7 முதல் 10 நாட்களில் முதல் சட்டை உரியும். அதற்கு முன்னால் இரை கொடுத்துப் பார்ப்பதில் பலன் இல்லை, சாப்பிடவில்லையே என்று கவலைப்படவும் தேவையில்லை.

சட்டை உரித்த பிறகும் மறுத்தால் நான் முதலில் இரையைப் பற்றி யோசிப்பதில்லை. குட்டிக்குச் சாப்பிட மனமில்லையா, இல்லை உடம்பில் தெம்பில்லையா என்று பார்ப்பேன். இரண்டும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும், செய்ய வேண்டியது மட்டும் நேர்மாறு. மனமில்லாத குட்டியை விட்டுப் பிடிக்கலாம். தெம்பில்லாத குட்டிக்கு அவ்வளவு அவகாசம் கிடையாது.

கண்டுபிடிக்க ஒரு சின்ன டிஜிட்டல் தராசு போதும். கிராமின் பத்தில் ஒரு பங்கு வரை காட்டுகிற தராசாக இருக்க வேண்டும், ஏனென்றால் கார்ன் ஸ்நேக் குட்டியின் மொத்த எடையே பெரும்பாலும் 5 முதல் 8 கிராம்தான். வாரம் ஒரு முறை நிறுத்து எழுதி வைப்பேன். பிறந்த எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தால்தான் எனக்குக் கவலை ஆரம்பிக்கும். அதோடு கையும் நிறையச் சொல்லும். நலமாக இருக்கும் குட்டி விரல்களுக்கு நடுவே இறுக்கிப் பிடித்து நகரும், வால் நுனியை அதிரவிடும், கழுத்தை வளைத்து என்னைக் கடிக்கவே பார்க்கும். அந்தக் கோபத்தைப் பார்த்தால் எனக்கு அவ்வளவு சந்தோஷம். பலவீனமான குட்டி உள்ளங்கையில் துவண்டு கிடக்கும். முதுகெலும்பு கூரை முகடு மாதிரி மேலே தெரியும், பக்கவாட்டில் தோல் மடிப்பு விழும். மெல்ல மல்லாக்கத் திருப்பினால் உடனே புரண்டுகொள்ளாது. வாயைத் திறந்து மூச்சு விட்டாலோ மூக்கோரம் நுரை கட்டினாலோ வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம், ஊர்வனவற்றுக்கு வைத்தியம் பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் அன்றைக்கே கொண்டுபோய்விடுங்கள்.

சரி, மனமில்லாத குட்டிதான் என்று தெரிந்துவிட்டது. அப்புறம் அதன் வீட்டைப் பார்க்க வேண்டும். பாம்புக்கு வெளியிலிருந்து சூடு கிடைத்தால்தான் செரிமானம் நடக்கும். சூடு போதாவிட்டால் அது சாப்பிடாது, சாப்பிட்டாலும் கக்கிவிடும். டப்பாவின் ஒரு பக்கம் 29 முதல் 31 டிகிரி செல்சியஸ், மறுபக்கம் 23 டிகிரி வாக்கில். சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல், டப்பாவுக்குச் சூடு தரும் ஹீட் மேட் என்ற விரிப்பை வைக்கவே வைக்காதீர்கள், குட்டியின் வயிறு வெந்துவிடும். டப்பா சின்னதாக இருக்க வேண்டும். பெரிய கண்ணாடித் தொட்டியில் தனியாக விடப்பட்ட குட்டிக்கு எல்லாப் பக்கமும் ஆபத்தாகத்தான் தெரியும், பயந்த பாம்பு இரை தேடாது. சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று என்று உடம்பை ஒட்டி நெருக்கமாக இருக்கிற இரண்டு ஒளிவிடங்கள் வையுங்கள். சின்னக் கிண்ணத்தில் எப்போதும் தண்ணீர் இருக்கட்டும். தோல் சுருங்கித் தெரிந்தால் வெதுவெதுப்பான தண்ணீரை உடம்பு பாதி நனையும் அளவு மட்டும் ஊற்றி, மூடியில் துளையிட்ட டப்பாவில் கால் மணி நேரம் விடலாம். பக்கத்திலேயே இருங்கள், களைத்த குட்டி ஆழமில்லாத தண்ணீரிலும் மூழ்கிவிடும்.

இவ்வளவும் செய்துவிட்டு ஐந்து முதல் ஏழு நாள் தொடாமல் விடுவேன். எட்டிப் பார்ப்பதுகூட இல்லை. பலருக்கு இதுதான் கஷ்டம். தினமும் இரையை முகத்துக்கு நேரே ஆட்டினால் குட்டிக்கு அந்த வாசனையே பயமாகிவிடும்.

அடுத்தது வாசனை. இதில்தான் எனக்கு ஆர்வம் அதிகம். காட்டில் கார்ன் ஸ்நேக் குட்டிகள் பெரும்பாலும் சின்னப் பல்லிகளையும் மரத்தவளைகளையும்தான் பிடித்துத் தின்னும். நாம் கொடுப்பதோ ரோமம் முளைக்காத சுண்டெலிக் குட்டி, பிங்கி என்பார்கள். சில குட்டிகளுக்கு அது சாப்பிடும் பொருள் என்றே தெரியாது. பாம்பு நாக்கை நீட்டிக் காற்றில் இருக்கும் மணத்தை எடுத்து மேலண்ணத்தில் இருக்கும் ஜேக்கப்சன் உறுப்புக்குக் கொண்டுபோகும், இரையை அங்கேதான் அடையாளம் காணும். ஆகவே மணத்தை மாற்றினால் பாதி வேலை முடிந்தது.

உறைந்த பிங்கியை ஃபிரிட்ஜில் வைத்து இளக்கி, பிறகு பையில் போட்டுச் சுடுதண்ணீரில் அமிழ்த்தி, தொட்டால் இளஞ்சூடாக இருக்கிற பதத்துக்குக் கொண்டுவருவேன். மைக்ரோவேவ் கூடாது, அங்கங்கே வெந்து வயிறு வெடித்துவிடும். முதல் முயற்சி, பிங்கியை மணமில்லாத சோப்பால் கழுவி நன்றாக அலசிக் கொடுப்பது. எலி வாசனை போனதும் சில குட்டிகள் உடனே எடுத்துக்கொள்ளும். அடுத்தது, வளர்ப்புப் பல்லி உரித்த சட்டையில் ஒரு துணுக்கை நனைத்து பிங்கியின் மூக்கில் ஒட்டுவது. வெளியே பிடித்த பல்லியை இதற்குப் பயன்படுத்த மாட்டேன். அதன் ஒட்டுண்ணிகள் ஏற்கெனவே நலிந்த குட்டிக்குள் போவதில் எனக்குச் சம்மதமில்லை. மூன்றாவதைப் படிக்கவே சிலருக்கு மனம் ஒப்பாது: இறந்த பிங்கியின் தலையை ஊசியால் குத்தி மூளைச் சாற்றைக் கொஞ்சம் கசியவிடுவது. ஆனால் இதற்கு இறங்கிவராத குட்டிகள் குறைவு. எந்த வழியானாலும், குட்டியையும் இரையையும் காற்றுத் துளை போட்ட சின்ன டப்பாவில் ஒன்றாக வைத்து, சூடான பக்கத்தில் இருட்டாக்கி, இரவு முழுக்க விட்டுவிடுவேன்.

கடைசிப் பொரிப்பில் எல்லோருக்கும் பின்னால் வெளியே வந்த ஒன்று இருந்தது. 5 கிராம்கூட இல்லை. கழுவிய பிங்கி, பல்லிச் சட்டை, மூளைச் சாறு எதற்கும் அசையவில்லை. எடை மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது, ஆனால் கையில் எடுத்தால் சீறும், ஆகவே தெம்பு இருந்தது. அந்தக் கோபத்தையே நம்பினேன். அறையை இருட்டாக்கி ஒரே ஒரு மங்கலான விளக்கை வைத்துக்கொண்டு, நீண்ட இடுக்கியில் பிங்கியின் சின்ன முன்பாதியைப் பிடித்து, குட்டியின் வால் அடியில் லேசாகத் தட்டினேன். திரும்பியது. மறுபடி தட்டினேன். கழுத்து எஸ் வடிவில் பின்வாங்கியது, வால் நுனி அதிர்ந்தது, சடாரென்று பாய்ந்து கவ்வியது. அதற்கப்புறம் நான் மூச்சைக்கூட மெதுவாகத்தான் விட்டேன். இடுக்கியைத் தளர்த்தினேன், கையை மட்டும் எடுக்கவில்லை. பின்னோக்கி வளைந்த பற்கள் இரையில் மாட்டியிருந்ததால் கோபம் தணிந்த பிறகும் வாயை விடுவிக்க முடியவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு இடது தாடை ஒரு நூல் முன்னே நகர்ந்தது, அடுத்து வலது. செதில்களுக்கு நடுவே வெள்ளைத் தோல் விரிந்து தெரிந்தது. இரை தொண்டையைத் தாண்டிச் சின்ன வீக்கமாகக் கீழே இறங்கும் வரை நான் அசையவில்லை.

சீண்டியும் எடுக்காமல் எடையும் குறைந்துகொண்டே போனால்தான் கையால் ஊட்டுவது. தாடைக்குப் பின்னால் மென்மையாகப் பிடித்து, பிங்கியின் மூக்காலேயே வாயைத் திறக்கவைத்து, தலைப் பகுதியைப் பற்களில் மாட்டும் அளவுக்கு உள்ளே வைத்து, குட்டியைக் கீழே விட்டு அசையாமல் இருக்க வேண்டும். மிச்சத்தை அது விழுங்கும், அல்லது துப்பும். துப்பினால் இன்னொரு முறை பார்க்கலாம், அதற்கு மேல் அன்றைக்கு வேண்டாம். தொண்டைக்குள் தள்ளி விழுங்கவைப்பதையும் குழாய் மூலம் திரவ உணவு செலுத்துவதையும் மருத்துவரிடம் விட்டுவிடுங்கள். சின்னப் பாம்பின் உணவுக்குழாய் மிக மெல்லியது, கிழிந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

பால் பைதான் (ball python) என்ற மலைப்பாம்பு வகையை வளர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தக் குட்டிகள் பிறக்கும்போதே பெரியவை, கையிருப்பும் அதிகம், ஆகவே வாரக்கணக்கில் மறுத்தாலும் கார்ன் ஸ்நேக் அளவுக்குப் பயப்பட வேண்டாம். அவற்றின் உதட்டோரக் குழிகள் வெப்பத்தை உணரும் என்பதால், இரையின் தலைப்பக்கம் உடம்பைவிடச் சூடாக இருந்தால் குறி வைப்பது எளிது.

முதல் முறை சாப்பிட்டுவிட்டது என்றால் இரண்டு நாளாவது கையில் எடுக்காதீர்கள். படம் எடுக்க வேண்டும் என்று எல்லோருக்கும் ஆசை வரும், எனக்கும் வரும். ஆனால் அப்போது கக்கினால் இரையோடு செரிமான அமிலமும் உப்புச் சத்தும் போய், முன்பைவிட மோசமான நிலைக்குக் குட்டி வந்துவிடும். கக்கிவிட்டால் குறைந்தது பத்து நாள் வயிற்றுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு, முன்பு கொடுத்ததில் பாதி அளவில் ஆரம்பியுங்கள். கக்கவில்லை என்றாலும் அடுத்த இரையை உடனே பெரிதாக்க வேண்டாம். அதே சின்னத் துண்டை ஐந்தாறு நாள் இடைவெளியில் கொடுத்து, எச்சம் வருகிறதா, தராசில் எடை ஏறுகிறதா என்று பார்த்து, அதன் பிறகே முழு பிங்கிக்குப் போங்கள். அந்தச் சின்னதை நான் அப்படித்தான் கொண்டுவந்தேன். இப்போது தட்டவோ சீண்டவோ வேண்டியதில்லை, இடுக்கியைப் பார்த்தாலே ஒளிவிடத்திலிருந்து தலையை நீட்டிவிடும்.