மேல் டீஸ்டேலில் ஒரு ஏப்ரல் விடியல்

வட இங்கிலாந்தின் பென்னைன் மேட்டு நிலங்களில் வசந்தத்தை மரங்களில் தேடினால் ஏமாற்றம்தான். ஏப்ரல் நடுவிலும் அவை மொட்டையாக நிற்கின்றன. ஹெதர் புதர்கள் பழுப்பேறிக் கிடக்கின்றன. பருவம் மாறிவிட்டது என்பதைப் பறவைகளின் குரல்களே அறிவிக்கின்றன. அதைக் கேட்க நண்பர் ஒருவருடன் மேல் டீஸ்டேலுக்குப் போயிருந்தேன்.

டார்லிங்டன் வரை ரயில், அங்கிருந்து வாடகைக் கார். மிடில்டன்-இன்-டீஸ்டேலைத் தாண்டியதும் சாலை மேலே ஏறுகிறது. இருபுறமும் கல்வேலிகள், வெள்ளையடித்த பண்ணை வீடுகள்.

மறுநாள் சூரியன் எழுவதற்கு முன்பே லாங்டன் பெக் அருகே காரை ஓரமாக நிறுத்தி, விளக்கை அணைத்துவிட்டு உள்ளேயே காத்திருந்தோம். காட்டுக்கோழி வகையான பிளாக் கிரவுஸ் பறவையின் சேவல்கள் பெட்டைகளைக் கவர விடியலில் கூடி ஆடும். அவை காருக்கு அஞ்சுவதில்லை. மனிதர் இறங்கி நடந்தால் ஆட்டத்தைக் கைவிட்டுப் பறந்துவிடும். முதலில் ஒலி வந்தது: பெரிய பானையில் தண்ணீர் கொதிப்பது போல விடாத குமிழ்ச்சத்தம், நடுநடுவே ஒரு சீறல். வெளிச்சம் வர வர உருவங்கள் தெளிந்தன. நீலம் மினுங்கும் கறுப்பு உடல், கண்ணுக்கு மேல் புடைத்த சிவப்பு, யாழ் போல் வளைந்த வால், அதன் அடியில் பளிச்சென்ற வெள்ளை. தலையைத் தாழ்த்தி ஒன்றையொன்று நெருங்குவதும் பின்வாங்குவதும் துள்ளுவதுமாக இருந்தன. பழுப்பு நிறப் பெட்டை ஒன்று அவற்றினூடே அவசரமில்லாமல் நடந்துபோனது. ஆண்டுதோறும் அதே புல்வெளியில்தான் இவை கூடுகின்றன. இங்கிலாந்தில் எஞ்சியிருக்கும் பிளாக் கிரவுஸ்களில் பெரும்பகுதி இந்த வட பென்னைன் பகுதியில்தான் வாழ்கிறது.

வெயில் ஏறியதும் மேய்ச்சல் நிலங்கள் விழித்துக்கொண்டன. நம் ஆள்காட்டியின் உறவான லாப்விங், மெல்லிய கொண்டையோடு வானில் ஏறித் தலைகுப்புற விழுந்து, தரைக்குச் சற்று மேலே நிமிர்ந்தது. உள்ளான் ஒன்று உயரத்திலிருந்து பாயும்போதெல்லாம் ஓர் அதிர்வொலி எழுந்தது. அது தொண்டையிலிருந்து வருவதன்று. விரித்த வாலின் ஓர இறகுகள் காற்றில் துடிக்கும் ஒலி.

எனக்கு எல்லாவற்றிலும் மேலானது கர்லூ. குளிர்காலத்தில் கோடியக்கரையின் சேற்றில் இதே இனத்தைப் பார்த்திருக்கிறேன். அங்கே வருபவை ஆசியாவின் வடபகுதியில் கூடு கட்டுபவை. கடற்கரையில் அது நீண்டு வளைந்த அலகால் சேற்றைத் துழாவி, எப்போதாவது கூவும். இங்கே சிறகை அசைக்காமல் மிதந்துகொண்டு, மெதுவாகத் தொடங்கி, வேகமெடுத்து, பொங்கி வழிகிறது அதன் பாட்டு. நெஞ்சு அடைத்துக்கொண்டது.

உலகில் கூடு கட்டும் இந்தக் கர்லூக்களில் ஏறத்தாழ கால்பங்கு பிரிட்டனில் இருக்கின்றன. ஆனால் 2015 முதல் அது, பாதுகாப்பு மிக அவசரமாகத் தேவைப்படும் பறவைகளுக்கான அந்நாட்டின் சிவப்புப் பட்டியலில் இருக்கிறது. நரியும் காகமும் முட்டைகளைத் தின்பது ஒரு காரணம். அதைவிட எனக்கு வலிப்பது, ஈர நிலத்தை வீண் நிலமாகக் கருதிய பழைய எண்ணம். 1960, 70களில் அரசு மானியத்தோடு இங்கிலாந்தின் மேட்டு நிலங்களில் வடிகால்கள் வெட்டப்பட்டன. நீர் வடிந்து மண் இறுகினால் அலகு இறங்காது. மட்கிய தாவரங்கள் படிந்த கரிச்சேற்று நிலம் காய்ந்தால் அதில் வளரும், நீண்ட கால்கள் கொண்ட கிரேன் ஈக்களின் புழுக்கள் சாகும்; கோல்டன் புளோவர் என்னும் உப்புக்கொத்தி வகைப் பறவையின் குஞ்சுகளுக்கு முக்கிய உணவே அந்த ஈக்கள்தான். இப்போது பல இடங்களில் அதே வடிகால்களை அடைத்துத் தண்ணீரைத் தேக்குகிறார்கள். கோரைப்புல் மண்டிய சதுப்பு வயலைப் பார்த்து நான் இத்தனை மகிழ்ந்தது இதுவே முதல்முறை.

பிற்பகலில் கௌ கிரீன் நீர்த்தேக்கம் வரை போனோம். காற்று பலமாக வீசியது. அந்தக் காற்றிலும் கோல்டன் புளோவரின் ஒற்றைச் சீழ்க்கை கேட்டது. பறவையைக் கண்டுபிடிக்க வெகுநேரம் ஆயிற்று.

நீங்கள் போவதானால் ஏப்ரல் பிற்பகுதியைத் தேர்ந்தெடுங்கள். கம்பளி உடை கட்டாயம். பாதையை விட்டு விலகாதீர்கள், இவற்றின் கூடுகள் எல்லாமே தரையில்தான் இருக்கின்றன. இங்கிலாந்தின் திறந்தவெளி நிலங்களில் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை நாயை 2 மீட்டருக்கு மிகாத வாரில் பிடித்திருக்க வேண்டும் என்பது சட்டம். அவிழ்த்துவிட்ட ஒரு நாயைக் கண்டு கர்லூ இணை தலைக்கு மேல் கதறிச் சுற்றியதை அன்று மாலை பார்த்தோம். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.